வீட்டிலேயே பயோசாண்ட் ஃபில்டர்: மணல் சலிப்பதிலிருந்து ஒழுகும் வேகம் அளப்பது வரை

பயோசாண்ட் ஃபில்டர் என்பது மணலும் அதன் மேல் வளரும் நுண்ணுயிர்ப் படலமும் சேர்ந்து கிருமியை நீக்கும் வீட்டு மணல் வடிகட்டி. முதலில் இது யாருக்கு உதவாது என்பதைப் பார்த்துவிடலாம். போர் தண்ணீர் உப்புக் கரிக்கிறது, பாத்திரத்தில் வெள்ளைப் படிவு விழுகிறது என்றால் மணல் வடிகட்டி கட்டிப் பயனில்லை. கரைந்த உப்பு, கடினத்தன்மை, ஃப்ளோரைடு, நைட்ரேட் எதையும் மணல் பிடிக்காது. தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம். அங்கே இதைக் கட்டினால் தண்ணீர் தெளிவாக வரும், பல்லில் விழும் கறை அப்படியே தொடரும். ஆகவே மணல் வாங்கும் முன் தண்ணீரைக் கொடுத்துச் சோதித்துவிடுங்கள். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகங்கள் மாவட்டங்களில் இருக்கின்றன. இந்தியத் தரம் ஐ.எஸ். 10500-இன்படி ஃப்ளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு வழியில்லாத இடத்தில் 1.5 வரை. கரைந்த திடப்பொருள் 500 மில்லிகிராம், வேறு வழியில்லையென்றால் 2,000. இவை தாண்டினால் வேறு வழியைப் பாருங்கள்.

ஊருணி, குளம், வாய்க்கால், திறந்த கிணறு ஆகியவற்றின் தண்ணீர்தான் இதற்கு ஏற்றது. உப்பு இல்லை, கிருமியும் கலங்கலும்தான் தொல்லை என்ற நிலை. ராமநாதபுரம் மாவட்டத்தில் நிலத்தடி நீர் உவர்ப்பாக இருப்பதால் ஊருணியை நம்பிக் குடிக்கும் ஊர்கள் பல. அத்தகைய இடத்துக்கு மின்சாரமும் கார்ட்ரிட்ஜும் கேட்காத ஒரு வடிகட்டி பெரிய வரம்.

வேலை செய்வது எப்படி

இதன் முன்னோடியான மெது மணல் வடிகட்டி (தண்ணீரை மணல் வழியே மெதுவாக இறக்கி வடிப்பது) 19-ஆம் நூற்றாண்டுச் சரக்கு. 1829-இல் லண்டனில் ஜேம்ஸ் சிம்ப்சன் செல்சி குடிநீர் நிறுவனத்துக்காகக் கட்டியது பெயர் பெற்றது. 1892-இல் ஜெர்மனியில் காலரா வந்தபோது, எல்பே ஆற்று நீரை வடிகட்டாமல் குடித்த ஹாம்பர்க் நகரம் ஆயிரக்கணக்கானோரை இழந்தது. ஒட்டியே இருந்த அல்டோனா அதே ஆற்று நீரை மணலில் வடிகட்டிக் குடித்ததால் பெரும்பாலும் தப்பியது. சென்னை கீழ்ப்பாக்கம் நீர் நிலையத்திலும் 1914-இல் இதே வகை வடிகட்டிகள்தான் வந்தன.

ஆனால் அவற்றுக்கெல்லாம் இரவு பகலாகத் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். மணலின் மேற்பரப்பில் வளரும் நுண்ணுயிர்ப் படலம்தான் கிருமியைத் தின்னும். அது காய்ந்தால் செத்துவிடும், காற்றுக் கிடைக்காவிட்டாலும் செத்துவிடும். வீட்டிலோ காலையில் ஒரு குடம், மாலையில் ஒரு குடம் ஊற்றுவோம். கனடாவின் கால்கரி பல்கலைக்கழகத்தில் டேவிட் மான்ஸ் 1990-களின் தொடக்கத்தில் இதற்கு ஒரு வழி கண்டார். தண்ணீர் வெளியேறும் வாயை மணல் மட்டத்துக்கு 5 செ.மீ. மேலே தூக்கி வைத்தார். ஊற்றுவதை நிறுத்தினால் தண்ணீர் அந்த மட்டத்தில் தானாக நின்றுவிடும். மணல் காயாது. மேலே நிற்கும் தண்ணீர் 5 செ.மீ. மட்டுமே என்பதால் காற்றிலிருந்து ஆக்சிஜன் இறங்கி அடியிலுள்ள படலத்தைச் சேரும். கண்டுபிடிப்பு அவ்வளவுதான். கட்டும்போது நடக்கும் தவறுகளில் பாதி இந்த 5 செ.மீ.-இல்தான் நடக்கும். மறுபாதி மணலில்.

உடம்பு

12 அங்குலப் பிவிசி பைப் (வெளிவிட்டம் 315 மி.மீ., உள்விட்டம் ஏறக்குறைய 30 செ.மீ.) ஒரு மீட்டர் துண்டு, அதற்கு அடியில் ஒரு எண்ட் கேப். சால்வென்ட் சிமெண்ட் இரண்டு பக்கமும் தடவி ஒட்டி, ஒரு நாள் காயவிடுங்கள். உள்சுவரை எமரி தாளால் சொரசொரப்பாக்குங்கள். வழுவழுப்பான சுவரை ஒட்டித் தண்ணீர் மணலைத் தொடாமல் குறுக்குவழியில் இறங்கப் பார்க்கும்.

நீல நிற 200 லிட்டர் டிரம் எல்லா ஊரிலும் கிடைக்கிறதே என்று பலர் அதில் இறங்குகிறார்கள். முன்பு அதில் என்ன இரசாயனம் இருந்தது என்று தெரியாது, அது முதல் சிக்கல். மணல் நிரப்பினால் 300 கிலோவுக்கு மேல் கனக்கும், பக்கமும் உப்பும். விட்டம் பெரிதாக இருப்பதால் ஒரு தவணைக்கு நாம் ஊற்றும் 12 லிட்டரை ஊற்றினால் உள்ளே இருக்கும் தண்ணீரில் கால்வாசிகூட வெளியேறாது. ஐந்து பேர் குடும்பத்துக்கு அது வேண்டாம்.

அடியிலிருந்து 2–3 செ.மீ. உயரத்தில் துளை போட்டு அரை இன்ச் டேங்க் நிப்பிள் (தொட்டிச் சுவரில் பைப்பைப் பொருத்தும் இணைப்பு) மாட்டுங்கள். பைப் வளைவாக இருப்பதால் வாஷர் சரியாகப் படியாமல் கசிய வாய்ப்புண்டு. தடிமனான ரப்பர் வாஷரை உள்பக்கம் போட்டு, வெளியே எம்-சீல் பூசிவிடுங்கள். உள்ளே நிப்பிளோடு 20 செ.மீ. அரை இன்ச் பைப் துண்டைக் கிடையாகச் சேர்த்து, முனையை மூடி, ஆக்சா பிளேடால் விரற்கடைக்கு ஒரு கீறல் போடுங்கள். வெளியே எல்போ வைத்துப் பைப்பை நிமிர்த்தி மேலே கொண்டுபோய், மீண்டும் எல்போ வைத்து வெளிப்பக்கம் திருப்புங்கள். அந்த மேல் கிடைப்பைப்பின் உள் அடிப்பகுதி, ஃபில்டரின் உட்தரையிலிருந்து சரியாக 69 செ.மீ. உயரத்தில் இருக்க வேண்டும். ஒட்டும் முன் டியூப் லெவல் (மட்டம் பார்க்கத் தண்ணீர் நிரப்பிய ஒளிபுகும் குழாய்) வைத்துப் பாருங்கள். இரண்டு செ.மீ. பிசகினால் பிறகு மணலைக் கூட்டிக் குறைத்துத்தான் சரிக்கட்ட முடியும்.

வாயில் திருகு குழாய் மாட்டாதீர்கள். மூடிவைத்தால் மேலே தண்ணீர் ஆழமாக நின்று படலம் மூச்சுத் திணறும். அதேபோல் வாயிலிருந்து கீழே குடம் வரை ஹோஸ் இழுத்துவிடவும் கூடாது. சைஃபன் பிடித்து உள்ளே இருக்கும் தண்ணீரை மணல் மட்டத்துக்குக் கீழே இழுத்துவிடும். குடத்தை வாய்க்கு நேர் கீழே வைக்கும்படி மேடை அமையுங்கள்.

நிரப்பிய பிறகு ஏறக்குறைய 100 கிலோ. நிரப்பியபின் நகர்த்தக் கூடாது, நகர்த்தினால் மணல் இறுகி ஒழுக்கு நின்றுவிடும். நிழலான, ஆடுமாடு அண்டாத இடத்தில், சமமான தளத்தில் நிறுத்தியபின்தான் மணலைத் தொடுங்கள்.

மணல்: இங்கே அவசரப்பட்டால் எல்லாம் வீண்

கடல் மணல் வேண்டாம், உப்பு கழுவி மாளாது. ஆற்று மணலில் மக்கிய குப்பையும் ஏற்கெனவே உள்ள கிருமியும் இருக்கும். கிரஷரில் உடைத்த கல் மணல்தான் சிறந்தது. நம் ஊரில் எம்-சாண்ட் என்று வாங்கலாம். அதில் கல்தூள் நிறைய இருக்கும், கழுவினால் போய்விடும். சிமெண்ட் சாக்கு அளவில் மூன்று நான்கு சாக்கு வாங்குங்கள். சலித்துக் கழுவிய பிறகு 40 லிட்டர் தேறினால் போதும். அரை இன்ச் ஜல்லியும் சிப்ஸும் (சிறு கல்துண்டு) ஒவ்வொன்றும் 5 லிட்டர்.

மூன்று சல்லடை தேவை: 6 மி.மீ., 1 மி.மீ., 0.7 மி.மீ. கடைசியானதை 24 மெஷ் எவர்சில்வர் வலை என்று கேட்டால் கொடுப்பார்கள். ஜன்னல் கொசுவலை உதவாது, அதன் கண் 1 மி.மீ.-க்கு மேல். மணலை வெயிலில் நன்றாகக் காயவைத்துச் சலியுங்கள். ஈர மணல் உருண்டு உருண்டு சல்லடையிலேயே நின்றுவிடும், நல்ல மணலும் கழிவோடு போகும். 0.7-ல் விழுவது வடிகட்டும் மணல். 1-க்கும் 6-க்கும் இடைப்பட்டது இடைப்படுகை. 6-க்கும் 12-க்கும் இடைப்பட்ட ஜல்லி அடிப்படுகை. 0.7-க்கும் 1-க்கும் நடுவில் தங்குவதைப் பூச்சு வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஜல்லியையும் சிப்ஸையும் தண்ணீர் தெளியும் வரை கழுவலாம், எத்தனை முறை கழுவினாலும் தவறில்லை. மணல் அப்படியல்ல. வாளியில் கால்வாசி மணல் போட்டு, இரு மடங்கு தண்ணீர் ஊற்றி, கையால் வேகமாகச் சுழற்றி, கலங்கலை உடனே சாய்த்துவிடுங்கள். இப்படி ஐந்தாறு முறை கழுவியதும் ஒரு கண்ணாடிப் பாட்டிலில் சிறிது மணலும் அதே அளவு தெளிந்த தண்ணீரும் போட்டுச் சுழற்றி நிறுத்துங்கள். மூன்று நான்கு விநாடியில் பக்கவாட்டிலிருந்து பார்த்தால் மணலின் மேற்பரப்பு தெரிய வேண்டும், மேலே உள்ள தண்ணீர் சற்றே மங்கலாக இருக்க வேண்டும். மேற்பரப்பே தெரியவில்லை என்றால் இன்னும் கழுவுங்கள். தண்ணீர் பளிங்காக நின்றால் அளவுக்கு மீறிக் கழுவிவிட்டீர்கள். மிக நுண்ணிய மணலும் போய்விட்டது, தண்ணீர் சரசரவென்று இறங்கும், கிருமி மணலில் பிடிபடாமல் தப்பிவிடும். இந்த இரண்டாவது தவறுதான் அதிகம் நடக்கிறது. சுத்தமாகச் செய்கிறோம் என்ற நினைப்பில் மணலை அரிசி களைவதுபோல் களைந்துவிடுகிறார்கள்.

நிரப்புதல்

ஒட்டுவேலை கசியவில்லை என்று முதலில் வெறும் தண்ணீர் நிரப்பிப் பார்த்துவிடுங்கள். பிறகு குச்சியில் 5, 10, 64 செ.மீ. குறித்து வைத்துக்கொள்ளுங்கள். தரையிலிருந்து 5 வரை ஜல்லி, 5 முதல் 10 வரை சிப்ஸ், இரண்டையும் சமன்படுத்துங்கள்.

இனி ஒரு விதி: மணல் போடும்போது உள்ளே எப்போதும் தண்ணீர் இருக்க வேண்டும். பாதி பைப் வரை தண்ணீர் ஊற்றிவிட்டு மணலை அதில் விழவிடுங்கள். உலர்ந்த பைப்பில் மணலைக் கொட்டிப் பிறகு தண்ணீர் ஊற்றினால் காற்றுக் குமிழ்கள் நடுவில் சிக்கிக்கொள்ளும். அவை ஒழுக்கை அடைக்கும், தண்ணீர் ஒரு பக்கமாகவே ஓடவும் வழிவிடும். ஒரு வாளி மணலைத் தனியே எடுத்துவைத்து மற்றதை 64 செ.மீ. வரை நிரப்புங்கள். தண்ணீர் ஊற்றி, வாயில் ஒழுகுவது தானாக நிற்கும்வரை காத்திருந்து, மணலுக்கு மேல் நிற்கும் ஆழத்தை ஸ்கேலால் அளங்கள். 4 முதல் 6 செ.மீ. சரி. 6-க்கு மேல் என்றால் எடுத்துவைத்த மணலைச் சேருங்கள். 4-க்குக் கீழ் என்றால் வழித்து எடுங்கள். முதல் வாரத்தில் மணல் கொஞ்சம் தாழும், மறுபடி அளங்கள்.

மேலே ஒரு துளைத்தட்டு வேண்டும். குடத்திலிருந்து விழும் தண்ணீர் மணலைக் குடையாமல் இருக்கத்தான் அது. பைப்புக்குள் அடங்கும் பிளாஸ்டிக் பேசினோ எவர்சில்வர் தட்டோ எடுத்து, 2.5 செ.மீ. இடைவெளியில் 3 மி.மீ. துளைகள் போடுங்கள். நிற்கும் தண்ணீரைத் தொடாமல், அதற்கு 3–4 செ.மீ. மேலே உட்காரவேண்டும். அதன் மேல் இறுக்கமான மூடி, இல்லாவிட்டால் கொசு முட்டையிடும்.

வாயிலிருந்து தெளிந்த தண்ணீர் வரும்வரை ஊற்றிக்கொண்டே இருங்கள். கடைசியில் வெளிப்பைப்பை மட்டும் குளோரின் கரைசலால் கழுவலாம், வாய் வழியாகப் புனல் வைத்து ஊற்றி. மேலிருந்து மணலில் குளோரின் ஊற்றவே கூடாது.

ஒழுகும் வேகம்

மணல் வடிகட்டியின் தரம் பரப்பளவுக்கு ஏற்ற வேகத்தில் இருக்கிறது: ஒரு சதுர மீட்டர் மணலுக்கு மணிக்கு 400 லிட்டர். நம் பைப்பின் பரப்பு 0.07 சதுர மீட்டர். ஆகவே மணிக்கு 28 லிட்டர், நிமிடத்துக்கு அரை லிட்டருக்குச் சற்றுக் குறைவு. 12 லிட்டர் ஊற்றி மட்டம் உச்சத்தில் இருக்கும்போதே ஒரு லிட்டர் பாட்டிலை வாயில் பிடியுங்கள். அது நிறைவதற்கு 2 நிமிடத்துக்குக் குறையக் கூடாது. இரண்டு முதல் மூன்றரை நிமிடம் நல்ல அளவு. ஒரு நிமிடத்தில் நிறைந்தால் மணல் பருமன். கழுவிய மணலை எடுத்துவிட்டுப் புதிதாகச் சலித்துப் போடுவதே வழி, வேறு ஒட்டுவேலை கிடையாது. மெதுவாக ஒழுகினால் பாதுகாப்புக்குக் கேடில்லை, பொறுமைக்குத்தான் சோதனை.

வேறு அளவு பாத்திரம் பயன்படுத்துவோர் இதே கணக்கைப் போட்டுக்கொள்ளலாம். ஒருமுறை ஊற்றும் அளவு, மணலின் இடுக்குகளில் நிற்கும் தண்ணீரைவிடக் கூடாமல் இருப்பது நல்லது. 54 செ.மீ. மணலின் கன அளவில் ஐந்தில் இரண்டு பங்கு இடுக்கு. நம் பைப்பில் அது 15 லிட்டர். 12 ஊற்றச் சொல்வது அதனால்தான். இப்போது ஊற்றும் தண்ணீர், முன்பு ஊற்றி உள்ளே தங்கிப் பதப்பட்ட தண்ணீரை வெளியே தள்ளுகிறது. ஒரு தவணைக்கும் அடுத்ததற்கும் நடுவே, ஒழுகி நின்ற பிறகு குறைந்தது ஒரு மணி நேரம் இடைவெளி விடுங்கள். அதிகபட்சம் 48 மணி நேரம்.

முதல் மாதமும் அதன் பிறகும்

படலம் முதிர 30 நாள் வரை ஆகும். அதுவரை தண்ணீர் தெளிவாகவே வரும், கண்ணுக்கு நல்ல தண்ணீர்தான், ஆனால் பாக்டீரியாவில் கணிசமான பங்கு தப்பிவிடும். முதிர்ந்த பிறகும் பாக்டீரியாவில் 90 விழுக்காட்டுக்கு மேல் நீங்கும் என்றுதான் சொல்லலாம், முழுக்க அல்ல. வைரஸ் விஷயத்தில் இன்னும் ஏற்ற இறக்கம் உண்டு. எனவே வடித்ததைக் கொதிக்கவைக்கவோ குளோரின் போடவோ வேண்டும். வடிகட்டியபின் குளோரின் போட்டால் குறைந்த அளவே போதும் என்பது கூடுதல் நன்மை.

கடையில் வாங்கும் பிளீச்சிங் பவுடரில் குளோரின் 25 விழுக்காடு என்று வைத்தால், 40 கிராமை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்துத் தெளியவிட்டு மேல் நீரை எடுங்கள். இது 1 விழுக்காட்டுக் கரைசல். 20 லிட்டர் குடிநீருக்கு 4 மி.லி. ஊற்றி அரை மணி நேரம் விடுங்கள். வெளிச்சம் படாத பிளாஸ்டிக் பாட்டிலில் வைத்து, ஒரு வாரத்தில் தீர்த்துவிடுங்கள், பழசானால் வீரியம் போய்விடும்.

ஊற்றும் தண்ணீர் மிகக் கலங்கலாக இருக்கக் கூடாது. 2 லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலில் நிரப்பி, பெரிய எழுத்து அச்சிட்ட தாளின் மேல் நிறுத்தி, வாய் வழியாகக் கீழே பாருங்கள். எழுத்து தெரிந்தால் ஊற்றலாம். தெரியாவிட்டால் இரவு முழுக்கத் தெளியவிடுங்கள். குடத்தின் உள்பக்கம் தேற்றாங்கொட்டை உரசித் தெளியவைக்கும் பழைய முறையும் இங்கே நன்றாகவே உதவும். படிகாரம் என்றால் 10 கிராமை ஒரு லிட்டரில் கரைத்து வைத்துக்கொண்டு, 20 லிட்டருக்கு 60 மி.லி. ஊற்றி, ஒரு நிமிடம் வேகமாகவும் ஐந்து நிமிடம் மெதுவாகவும் கலக்கி இரண்டு மணி நேரம் விடுங்கள்.

பஞ்சாயத்துக் குழாய்த் தண்ணீரில் குளோரின் வாசனை வந்தால் அதை நேரே ஃபில்டரில் ஊற்றாதீர்கள், படலம் செத்துவிடும். அகலமான பாத்திரத்தில் வெயிலில் ஒரு பகல் வைத்தால் வாசனை போகும். உண்மையில் ஒழுங்காகக் குளோரின் வரும் தண்ணீருக்கு இந்த ஃபில்டரே தேவையில்லை. ஒரே மூலத்துத் தண்ணீரையே ஊற்றுங்கள். கிணற்றிலிருந்து குளத்துக்கு மாறினால் படலம் புதிய தண்ணீருக்குப் பழகச் சில நாள் எடுக்கும்.

வாரக்கணக்கில் ஓடியபின் ஒழுக்கு சொட்டாகக் குறையும். மணலை வெளியே எடுத்துக் கழுவத் தோன்றும், செய்யாதீர்கள். கையை சோப்புப் போட்டுக் கழுவி, துளைத்தட்டை எடுத்து, 4 லிட்டர் தண்ணீர் ஊற்றி, உள்ளங்கையை மணல் மேல் வைத்து வட்டமாக நான்கைந்து முறை சுழற்றுங்கள். ஒரு செ.மீ.-க்கு மேல் விரல் இறங்கக் கூடாது. கலங்கிய தண்ணீரைக் கோப்பையால் மொண்டு கொட்டுங்கள். வேகம் திரும்பும் வரை இதையே செய்து, மணலைச் சமன்படுத்தி மூடுங்கள். சில நாள் படலம் பலவீனமாக இருக்கும், அந்த நாட்களில் குளோரினைத் தவறவிடாதீர்கள். மாதம் ஒருமுறைக்கு மேல் இந்த வேலை வந்தால் குறை ஊற்றும் தண்ணீரில் இருக்கிறது, தெளியவைத்து ஊற்றுங்கள்.

வாயில் மணல் வந்தால் படுகைகள் கலந்துவிட்டன என்று பொருள், பிரித்து அடுக்கவேண்டும். அழுகிய முட்டை வாடை வந்தால் மேலே தண்ணீர் ஆழமாக நிற்கிறதா, பல நாள் ஊற்றாமல் விட்டீர்களா என்று பாருங்கள். மணலில் குழி விழுந்திருந்தால் துளைத்தட்டின் ஓரத்தில் இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள்.

வடித்த தண்ணீர் வாந்திபேதி தருகிறது என்று புகார் வந்தால் முதலில் குடத்தைச் சந்தேகியுங்கள். ஊருணிக்குப் போன அதே குடத்தில் வடித்ததைப் பிடிப்பதும், டம்ளரை விட்டு மொள்வதும் பெரும்பாலான வீடுகளில் நடக்கிறது. மூடியும் திருகு குழாயும் உள்ள எவர்சில்வர் டிரம் ஒன்றை இதற்கென்றே ஒதுக்குங்கள். சந்தேகம் தீரவில்லையா, எச்2எஸ் சோதனைப் பாட்டில் இரண்டு வாங்குங்கள். 1982-இல் இந்திய ஆய்வாளர்கள் வெளியிட்ட எளிய முறை இது. ஒன்றில் ஃபில்டர் வாயிலிருந்து நேரே பிடித்த தண்ணீர், மற்றொன்றில் டிரம் தண்ணீர். குளோரின் போடும் முன் பிடிக்க வேண்டும். வீட்டுச் சூட்டில் ஒன்றிரண்டு நாளில் எது கறுக்கிறதோ அங்கே மலக்கிருமி இருக்க வாய்ப்பு அதிகம். டிரம் மட்டும் கறுத்தால் ஃபில்டரைத் தொடவேண்டாம்.

வெளியூர் போய் 48 மணி நேரம் தாண்டிவிட்டால், திரும்பியதும் மணல் மேல் தண்ணீர் நிற்கிறதா என்று பாருங்கள். வற்றியிருந்தால் படலம் இல்லை, மெதுவாக ஊற்றி மறுபடி 30 நாள் கணக்கை ஆரம்பியுங்கள். மணல் மேல் தண்ணீர் இருந்தால் முதல் இரண்டு தவணை வடித்ததைச் செடிக்கு ஊற்றிவிட்டு, ஒரு வாரம் கொதிக்கவைத்துக் குடியுங்கள்.